இயலாமைக் காப்பீட்டுப் படிவத்தில் உங்கள் வேலையை யார் விவரிப்பது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு நிறுவனத்தின் வழியாக நீண்டகால இயலாமைக் காப்பீடு இருக்கிறது. வேலையில் சேர்ந்த வாரத்தில் ‘எல்டிடி’ என்ற கட்டத்தில் டிக் அடித்ததோடு பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். முதுகுத்தண்டோ நரம்போ புற்றுநோயோ மாதக்கணக்கில் வேலைக்குப் போகவிடாமல் முடக்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. பொதுவாக 90 அல்லது 180 நாள் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு, பழைய சம்பளத்தில் சுமார் 60 சதவீதம் வரத் தொடங்க வேண்டும். வராமல் போவதற்கான காரணங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

மனுவில் மூன்று பகுதிகள் உண்டு. ஊழியர் நிரப்புவது ஒன்று, நிறுவனம் நிரப்புவது ஒன்று, சிகிச்சை தரும் மருத்துவர் நிரப்புவது ஒன்று. எல்லோரும் மருத்துவரின் பகுதிக்குத்தான் அலைகிறார்கள். எம்.ஆர்.ஐ. படம், ரத்தப் பரிசோதனை, நிபுணர் கடிதம் என்று கட்டுக்கட்டாகச் சேர்க்கிறார்கள். ஊழியர் பகுதியில் ‘உங்கள் வேலையின் கடமைகளை விவரிக்கவும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரே வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்ய வேண்டியது, நோய் இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல. அந்த நோயோடு உங்கள் வேலையைச் செய்ய முடியுமா என்பதை. வேலை என்னவென்று தாளில் இல்லாவிட்டால் நோயை எதனோடு ஒட்டிப் பார்ப்பார்கள்?

அந்தக் கட்டத்தை நிரப்ப நான்கு வழிகள் இருக்கின்றன. பதவிப் பெயரை எழுதி மீதியை அவர்கள் ஊகத்துக்கு விடுவது, எச்.ஆர். கொடுக்கும் பணி விவரத் தாளை இணைப்பது, நாமே விரிவாக எழுதுவது, தொழில்சார் நிபுணரையோ (ஒரு வேலைக்கு என்னென்ன திறன் தேவை என்று மதிப்பிடுபவர்) வழக்கறிஞரையோ வைத்து எழுதவைப்பது. மூன்றாவதுதான் சரியான வழி என்பது என் முடிவு. இரண்டாவதை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், நான்காவதை நிலைமையைப் பொறுத்துச் சேர்க்கலாம். முதலாவதை யாரும் செய்யக் கூடாது.

முதலில் பாலிசியைப் படியுங்கள்

நான்கில் எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன் பாலிசியின் முழு நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. ‘இயலாமை’ என்பதற்கு அதில் என்ன வரையறை தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கமான ஏற்பாடு இதுதான்: முதல் 24 மாதங்கள் உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் இருந்தால் போதும், அதன்பின் உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்தத் தொழிலையும் செய்ய முடியாமல் இருக்க வேண்டும்.

அந்தச் ‘சொந்தத் தொழிலை’ எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு. பல பாலிசிகள், உங்கள் தொழில் நாடு முழுவதும் பொதுவாக எப்படிச் செய்யப்படுகிறதோ அதைத்தான் பார்ப்போம், உங்கள் நிறுவனத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். சில பாலிசிகள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அப்படிச் சொல்லாமல் விட்ட ஒரு பாலிசியைப் பற்றிய வழக்கில், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களுக்கான மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. மனுதாரர் இதய நோயால் பாதிக்கப்பட்ட எலும்பு அறுவை மருத்துவர். இரவு அழைப்புப் பணியும் அவசர அறுவை சிகிச்சையும் அவர் வேலையில் இருந்தன. இயலாமை தொடங்குவதற்குச் சற்று முன்பு அவர் உண்மையில் செய்துவந்த வேலையே அவருடைய தொழில் என்றது நீதிமன்றம். மூன்றே ஆண்டுகளில், ஒஹாயோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னஸி மாநிலங்களுக்கான ஆறாம் வட்டார நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. அங்கே மனுதாரர் ஒரு நிறுவனத்தின் தலைவர். தம் வேலையில் பயணம் அதிகம் என்றார். காப்பீட்டு நிறுவனமோ பொதுவான தொழில் விவரப் பட்டியலை வைத்து அந்தப் பதவியை அளந்திருந்தது. அது நியாயமானதுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

உங்கள் பாலிசி எந்த வகை என்று தெரிந்தால்தான், விவரத்தை எந்தத் திசையில் எழுதுவது என்று தெரியும். சொந்த வேலையை அளக்கும் பாலிசியானால் உங்கள் அன்றாடம் போதும். பொதுத் தொழிலை அளக்கும் பாலிசியானால், உங்கள் அன்றாடம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ளதுதான் என்பதையும் காட்ட வேண்டும்.

பதவிப் பெயர் மட்டும்

‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று எழுதி அனுப்பினால் காப்பீட்டு நிறுவனத்தின் தொழில் ஆய்வாளர் செய்யும் முதல் வேலை, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழிற்பெயர் அகராதியைப் புரட்டுவது. அந்த அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல். ஓ-நெட் என்ற புதிய தரவுத்தளம் வந்த பிறகும் இயலாமை மனுக்களில் பழைய அகராதியின் உடலுழைப்பு வகைகளே புழங்குகின்றன. மென்பொருள் பொறியாளர் அதில் ‘உட்கார்ந்து செய்யும் வேலை’. அதாவது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது, எப்போதாவது 10 பவுண்டு வரை தூக்குவது. உங்கள் மருத்துவர் ‘கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது’ என்று மட்டும் எழுதியிருந்தால் மனு அங்கேயே முடிந்தது. உங்கள் வேலையில்தான் தூக்குவதே இல்லையே என்பார்கள்.

கடை மேலாளர் நிலையும் அப்படித்தான். சில்லறைக் கடை மேலாளர் அந்த அகராதியில் ‘இலகுவான வேலை’. 20 பவுண்டு வரை எப்போதாவது தூக்குவது அதன் எல்லை. லாரி வந்த காலையில் 40 பவுண்டு அட்டைப்பெட்டிகளை இறக்கி அடுக்குபவரும் மேலாளர்தான் என்பது பதவிப் பெயரில் தெரியாது. மருத்துவமனைச் செவிலியர் ‘நடுத்தர’ வகையில் வருகிறார்; அவருக்கு எல்லை 50 பவுண்டு. இந்த வகையில் அவர் நிலைமை கொஞ்சம் தேவலாம்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைதான்’ என்று பணிவாகச் சொல்லி முடித்துவிடுவது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும்போதும் அதே வாக்கியம் வாயில் வந்துவிடுகிறது. அது அப்படியே கோப்பில் ஏறும்.

எச்.ஆர். தாள்

இது பார்க்க நியாயமாக இருக்கிறது. நிறுவனமே எழுதிய அதிகாரபூர்வமான தாள். நம் வாயால் நம் வேலையைப் பெரிதுபடுத்தினோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த நம்பகத்தன்மைக்காகவே அதை இணைக்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அந்தத் தாள் ஆள் எடுக்கும்போது விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. ‘பங்குதாரர்களோடு ஒருங்கிணைந்து தீர்வுகளை வழங்குதல்’ போன்ற வரிகள் அதில் நிறைய இருக்கும். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்பது இருக்காது. ஐந்து ஆண்டுக்கு முன் எழுதிய தாளில், நடுவில் இரண்டு பேர் வேலையைவிட்டுப் போய் அவர்கள் சுமையும் உங்கள் தலையில் விழுந்தது எங்கே இருக்கும்?

நிறுவனம் நிரப்பும் பகுதியிலும் இதே குறை உண்டு. அதில் உடலுழைப்பைப் பற்றிக் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்புபவர் உங்கள் முகத்தையே பார்த்திராத, வேறு மாநிலத்தில் இருக்கும் எச்.ஆர். ஊழியராக இருக்கலாம். அது போகும் முன் ஒரு நகல் கேளுங்கள். தவறு இருந்தால் உங்கள் நேரடி மேற்பார்வையாளரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அல்லது அவரிடம் ஒரு தனிக் கடிதம் வாங்குங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாள் உதவும். விசா மனுவோடு நிறுவனம் அனுப்பிய ஆதரவுக் கடிதத்தில் உங்கள் கடமைகள் விரிவாக, சில சமயம் சதவீதக் கணக்கோடும் எழுதப்பட்டிருக்கும். எச்.ஆர். தாளைவிட அது பல மடங்கு மேல். இப்போது நீங்கள் எழுதப்போவது அதோடு முரண்படாமல் இருக்கிறதா என்றும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பணி மாறியிருந்தால், எப்போது மாறியது என்று தேதியோடு எழுதுங்கள்.

நாமே எழுதுவது

இதற்கு உழைப்பு அதிகம். உடல் நலமில்லாதவரிடம் இவ்வளவு கேட்பது கொடுமை என்பதும் எனக்குத் தெரியும். கணவரோ மனைவியோ நண்பரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டியதும் இல்லை. கட்டத்தில் இடம் போதாவிட்டால் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதி, இரண்டு மூன்று பக்கம் தனியாகச் சேர்க்கலாம்.

தரவுத்தள நிர்வாகி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கழுத்து எலும்புத் தேய்வு, இடது கை மரப்பு, வலி மாத்திரையால் மந்தம். அவர் ‘டேட்டாபேஸ்களைப் பராமரிப்பேன்’ என்று எழுதினால் அது எந்த நோயோடும் ஒத்துப்போகும் வேலை. அதே மனிதர் இப்படி எழுதலாம்:

‘நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த நிலை. தரவு இடமாற்றம் நடக்கும்போது இரண்டு மணி நேரம் வரை எழுந்திருக்க முடியாது. இரு கைகளாலும் தட்டச்சு, சுமார் ஆறு மணி நேரம். மூன்று திரைகளை மாறி மாறிப் பார்ப்பதால் கழுத்தை நாள் முழுவதும் திருப்ப வேண்டும். மூன்று வாரங்களில் ஒரு வாரம் இரவும் பகலும் அழைப்புப் பணி. எச்சரிக்கை வந்தால் 15 நிமிடத்தில் மடிக்கணினியைத் திறந்திருக்க வேண்டும். நேரடித் தரவில் கட்டளை இடும்போது ஒரு எழுத்துப் பிசகினாலும் வாடிக்கையாளர்களின் பணப் பரிமாற்றம் நின்றுவிடும். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.’

இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. ஆனால் இப்போது கழுத்து, கை, மாத்திரை மூன்றும் வேலையில் எங்கே மோதுகின்றன என்று படிப்பவருக்குத் தெரிகிறது. உட்கார்ந்து செய்யும் வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். எடை தூக்குவதில் அவர்களுக்கு வழக்கே இல்லை. தொடர்ந்து உட்கார்வதிலும், கை விரல்களிலும், இரவு விழிப்பிலும், கவனம் சிதறாமல் இருப்பதிலும்தான் வழக்கு இருக்கிறது. மனச்சோர்வு, கீமோதெரபிக்குப் பிறகான மறதி போன்றவற்றுக்குக் கடைசிப் பகுதி உயிர்நாடி. எத்தனை விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும், எவ்வளவு விரைவில் முடிவெடுக்க வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதாதவரை, யோசிப்பது உங்கள் வேலையின் பகுதி என்றே கோப்புக்குத் தெரியாது.

அளவுச் சொற்களை அவர்கள் மொழியிலேயே வைப்பது நல்லது. படிவங்களில் ‘எப்போதாவது’ என்றால் வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை. எட்டு மணி நேர நாளில் 2 மணி 40 நிமிடம். ‘அடிக்கடி’ என்றால் மூன்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. அதற்கு மேல் ‘தொடர்ச்சியாக’. தினம் இரண்டு மணி நேரம் நிற்பவர் ‘அடிக்கடி நிற்பேன்’ என்று எழுதினால் அவர்கள் கணக்கில் அது பொய்யாகிவிடும். அதனால் சொல்லோடு மணி நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

எல்லாக் கடமைகளுக்கும் ஒரே எடை கிடையாது. ‘முக்கியமான கடமை’ என்பதற்குப் பல பாலிசிகள் தரும் விளக்கம், அந்தத் தொழிலுக்கு வழக்கமாகத் தேவைப்படுவது, நியாயமான முறையில் விலக்கவோ மாற்றவோ முடியாதது என்பதாகும். எனவே ஒவ்வொரு கடமைக்கும் பக்கத்தில், அதை வேறு யாரிடமாவது தள்ள முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று ஒரு வரி சேருங்கள். வாரம் 60 மணி நேரம் உழைத்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 40 மணி நேரம் வேலை செய்யும் திறன் இருந்தாலே போதும், அதற்கு மேற்பட்டதையும் செய்ய முடிந்தவராகவே கருதுவோம் என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. கூடுதல் நேரத்தை எழுதுங்கள், ஆனால் மனுவை அதன்மேல் நிறுத்தாதீர்கள்.

நோயாளிகள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று தேதி. நம் ஆட்கள் ஒரே நாளில் வேலையை நிறுத்துவதில்லை. முதலில் அழைப்புப் பணியை நண்பரிடம் தள்ளுவார்கள், பிறகு பயணத்தை விடுவார்கள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அப்புறம்தான் முற்றாக நிற்பார்கள். பாலிசி பார்ப்பது, இயலாமை தொடங்கும்போது வழக்கமாகச் செய்துவந்த தொழிலை. குறைத்துக்கொண்ட கடைசி மாதத்து வேலையை எழுதினால் அந்தச் சுருங்கிய வேலையே உங்கள் தொழில் ஆகிவிடும் அபாயம் உண்டு. நோய்க்கு முந்தைய முழு வேலையை முதலில் எழுதி, எந்த மாதம் எதை, எந்த நோய்க்குறியால் விட்டேன் என்று வரிசையாகக் கீழே சேருங்கள்.

பொதுத் தொழிலை அளக்கும் பாலிசி என்றால், வேறு நிறுவனங்கள் அதே பதவிக்கு வெளியிட்ட வேலை விளம்பரங்களைத் தேடி எடுத்து இணையுங்கள். அழைப்புப் பணியும் இரவு வேலையும் அவற்றிலும் கேட்கப்பட்டிருந்தால், அது உங்கள் அலுவலகத்தின் விநோதம் மட்டுமே என்று தள்ளுவது கடினம். இதற்குச் செலவு இல்லை, செய்பவர்கள்தான் குறைவு.

எழுதி முடித்த நகலை மருத்துவரிடம் கொடுங்கள். அவருக்கு உங்கள் நோய் தெரியும், வேலை தெரியாது. ‘நீண்ட நேரம் உட்காரக் கூடாது’ என்பதற்குப் பதிலாக ‘ஒரே தடவையில் 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது’ என்று அவர் எழுதினால், இரண்டு மணி நேரம் எழ முடியாத வேலையோடு அது நேருக்கு நேர் நிற்கும்.

இந்த வழியில் ஆபத்தும் இருக்கிறது. மிகைப்படுத்தத் தோன்றும். மாதத்துக்கு ஒரு முறை சர்வர் பெட்டியை நகர்த்தியதை ‘தினமும் 50 பவுண்டு தூக்குவேன்’ என்று எழுதச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மேற்பார்வையாளரை ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்துவிடுவார்கள். ஒரு வரி பொய்யானால் மற்ற நாற்பது வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள், மோசடிக் குற்றச்சாட்டும் வரலாம். பெருமையாக எழுதுவதும் இன்னொரு விதத்தில் கெடுதி. 24 மாதம் கழித்து ‘எந்தத் தொழிலும்’ என்ற அளவுகோல் வரும்போது, இதே தாளை வைத்துத்தான் உங்கள் திறமைகளைக் கணக்கெடுப்பார்கள். இரண்டு இளையவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததை ‘குழுவை நிர்வகித்தேன்’ என்று எழுதியிருந்தால், நிர்வாக வேலைக்குப் போகலாமே என்பார்கள். லிங்க்ட்இன் பக்கத்தையும் பார்ப்பார்கள்.

நிபுணரும் வழக்கறிஞரும்

தொழில்சார் நிபுணரின் அறிக்கை வலுவானது. ஆனால் முதல் மனுவிலேயே எல்லோருக்கும் அது தேவையில்லை. சம்பளம் பெரிதாக, பணி வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால் தொடக்கத்திலேயே யோசிக்கலாம். சொந்தப் பணத்தில் தனிப் பாலிசி எடுத்திருக்கும் மருத்துவர்களை இந்த வகையில் வைப்பேன். அவர்களுடைய சிகிச்சைக் குறியீட்டுப் பில்களை வைத்தே எந்த அறுவையை எத்தனை முறை செய்தார்கள் என்று காப்பீட்டு நிறுவனங்கள் கணக்கெடுப்பதுண்டு. பில் ஒன்று சொல்ல, மனு வேறொன்று சொல்லக் கூடாது.

மற்றவர்களுக்கு, மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக் கட்டத்தில் வழக்கறிஞர் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் இந்தக் காப்பீடுகளை 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற ஊழியர் சலுகைத் திட்டச் சட்டம் ஆள்கிறது. அதன் கீழ் பின்னால் வழக்குத் தொடுத்தால், நீதிபதி பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் ஏற்கெனவே இருப்பதைத்தான் பார்ப்பார். சாட்சிக் கூண்டில் ஏறி ‘என் வேலை உண்மையில் இப்படி’ என்று விளக்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடைக்காது. கோப்பில் ஏறாதது நடக்காதது. நம் சொந்த விவரிப்பு முதலிலேயே விரிவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் இதுதான். நிபுணரும் அதன்மேல்தான் கட்டுவார்.

அரசின் சோஷியல் செக்யூரிட்டி இயலாமைத் தொகைக்கும் விண்ணப்பிக்கும்படி பெரும்பாலான பாலிசிகள் சொல்லும். அங்கிருந்து வருவதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அங்கேயும் பழைய வேலைகளைப் பற்றி ஒரு படிவம் உண்டு. முன்பு 15 ஆண்டு வேலைகளைக் கேட்டார்கள். 2024 ஜூன் முதல் 5 ஆண்டு வேலைகளே கணக்கு. காப்பீட்டுக்கு எழுதிய பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை நிரப்புங்கள், மணிக்கணக்கும் எடைக்கணக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஏற்கெனவே ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. எரிசா விதிகளின்படி முதல் முடிவுக்கு 45 நாள் அவகாசம். தலா 30 நாளாக இருமுறை அதை நீட்டலாம். முடிவு வருவதற்குள் ‘கூடுதல் விளக்கம்’ என்று தலைப்பிட்டு, தேதியும் மனு எண்ணும் போட்டு, விரிவான பக்கங்களை அனுப்புங்கள். பழைய வரி சுருக்கமாக இருந்தது, இது அதன் விரிவு என்று சொல்லுங்கள். மறுப்புக் கடிதமே வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கிறது. முதல் வாரத்திலேயே முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள், இலவசமாகத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். அதில் தொழில் ஆய்வாளரின் குறிப்பைத் தேடி எடுத்து, உங்கள் வேலைக்கு எந்தப் பட்டியலின் எந்தப் பதவியை ஒட்டியிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் பதில் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.